லூட்டி

விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு வந்த பேரன், சீப்புச் சீடை டப்பாவை வளவுக்குத் தூக்கிவந்து கவிழ்க்கிறான். "பய பண்ற லூட்டி தாங்கல" என்கிறார் ஆச்சி. அந்த லூட்டிக்கும் ஆங்கிலேயரின் 'லூட்'டுக்கும் வேர் ஒன்றுதான்: கொள்ளையைக் குறிக்கும் இந்திச் சொல் 'லூட்'. அதற்கும் பின்னே நிற்பது சமஸ்கிருதம்.

1788-இல் வெளியான ஓர் இந்தியச் சொற்பட்டியலில் இந்த வார்த்தை ஏறிவிட்டது. 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் அதற்கு இடம் கொடுத்தது. சீனப் போரும் 1857 கிளர்ச்சியும் அதை லண்டன் வீடுகள்வரை கொண்டுபோயின. பொருளை எடுத்தவர்கள் அதற்கான பெயரையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

வார்த்தை அச்சேறும் முன்பே வேலை நடந்துவிட்டது. 1772 ஜூனில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை காளையார்கோவிலைத் தாக்கியது. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். கோட்டைச் செல்வம் சூறையாடப்பட்டது. அரசி வேலுநாச்சியார் திண்டுக்கல் பக்கம் போய்ச் சேர்ந்தார். கம்பெனிக்காரர்கள் இப்படிக் கிடைத்ததற்குப் 'பரிசுப் பணம்' என்று பெயர் வைத்து, பதவிக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்வார்கள். கொள்ளைக்குக் கணக்குப்பிள்ளை வைத்த கெட்டிக்காரர்கள்!

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வீட்டுக்காரர்களே விற்ற தூணும் கதவும் வேறு. கோயிலில் களவுபோன சாமி வேறு.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014-இல் அந்நாட்டுப் பிரதமரே தில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.