மருந்தைச் சோதிப்பது ஆய்வுகூடமா, நோயாளியின் உடலா?

உயிரியல் ஆய்வுகூடங்களுக்கென விற்கப்படும் புரதக் குப்பிகளில் "ஆய்வுப் பாவனைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். அவற்றை நோயாளிக்கு ஏற்ற முடியாது. ஆனால் நோயாளிக்கு ஏற்றப்போகும் மருந்து உண்மையானதா என்று சொல்லக்கூடியவை அவைதான். 2023ஆம் ஆண்டின் மருந்து மோசடி வழக்கைத் தொடர்ந்து கவனித்துவரும் எனக்கு, அந்தச் சிறு குப்பிகள் பற்றி எம்மவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

எமது நிர்ப்பீடனக் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் எனப்படும் புரதங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று சிடி16ஏ. கிருமியையோ புற்றுநோய்க் கலத்தையோ பிறபொருளெதிரி பற்றிக்கொண்டதும், அதன் வால் பகுதி இந்த வாங்கியில் வந்து பொருந்தும். அப்போதுதான் நிர்ப்பீடனக் கலம் தாக்குதலைத் தொடங்கும். இந்த வாங்கிக்குரிய மனிதப் பரம்பரையலகை வேறு கலங்களுக்குள் புகுத்தி, அதே புரதத்தை ஆய்வுகூடத்தில் உற்பத்தி செய்கிறார்கள். அதை ஒரு தட்டில் ஒட்டி, சோதிக்க வேண்டிய மருந்தை அதன்மேல் விடுவார்கள். மருந்து உண்மையான பிறபொருளெதிரியாக இருந்தால் பற்றிக்கொள்ளும். வாங்கி பூட்டு என்றால், மருந்து அதற்கான சாவி.

ரிட்டுக்சிமாப் அப்படியான ஒரு சாவி. குருதிப் புற்றுநோய் வகைகளுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் இம்மருந்து 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இம்யூனோகுளோபுலின் இன்னொன்று. ஆயிரக்கணக்கானோரின் குருதித் திரவவிழையத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் இது, நரம்புகள் செயலிழக்கும் குய்லான்-பாரே நோயாளிகளுக்கும் பிறவியிலேயே நிர்ப்பீடனம் குறைந்த பிள்ளைகளுக்கும் ஏற்றப்படுகிறது.

2023இல் இலங்கை அரச வைத்தியசாலைகளுக்கு இந்த இரண்டின் பெயரிலும் மருந்துகள் வந்தன. இம்யூனோகுளோபுலின் ஏற்றப்பட்ட நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட்ட பிறகுதான் சந்தேகம் எழுந்தது. போலி ஆவணங்களைக் காட்டி இவை கொள்வனவு செய்யப்பட்டன என்பது குற்றச்சாட்டு. ரிட்டுக்சிமாப் என்று வந்த குப்பிகளில் உப்புக்கரைசலே இருந்ததாக நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும்.

ஆனால் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கேள்வி ஒன்று உண்டு. உப்புநீரைக் கண்டுபிடிக்க வாங்கிப் புரதம்கூடத் தேவையில்லை. குப்பிக்குள் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரணச் சோதனையே போதும். அந்த அளவு சோதனைகூட இம்மருந்துகளை நோயாளியின் படுக்கைக்கு முன்னால் தடுத்து நிறுத்தவில்லை. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர், தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, பதிவு செய்யப்படாத மருந்துகளும் அவசரக் கொள்வனவில் உள்ளே வந்தன. அவசரத்தில் கடதாசிகளைப் பார்த்தார்கள், குப்பிக்குள் பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தில் நடக்க வேண்டிய சோதனை நோயாளியின் நரம்பில் நடந்தது.

ஹட்டனில் இருந்து இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அதே 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் சிலர், பின்னர் இடப்பட்ட கண்சொட்டு மருந்தால் கிருமித்தொற்றுக்கு உள்ளாகிப் பார்வையை இழந்தார்கள். மலையகத்தில் நோய் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி, பிறகு டிக்கோயா ஆதார வைத்தியசாலை, அதற்கும் மேலே நுவரெலியா, கண்டி, மஹரகம. இந்தப் பயணத்துக்கே ஒரு நாள் கூலி போய்விடும். தனியார் மருந்தகத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு இல்லை. அரச வைத்தியசாலையில் ஏற்றுவதுதான் அவர்களுக்கு மருந்து.

வன்னி வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறியவர்களின் பிள்ளைகளும் அவர்களுள் இருக்கிறார்கள். யுத்த காலத்தில் மருந்துகள் தடுக்கப்பட்டன. 2009இல் மக்கள் தொகை குறைத்துச் சொல்லப்பட்டு, அந்தக் கணக்கின்படியே மருந்தும் மட்டுப்படுத்தப்பட்டது. அன்று மருந்து வரவில்லை. இன்று வருகிறது, ஆனால் வந்தது மருந்துதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் எமது உயிர் யாரோ எழுதிய கடதாசியில்தான் தங்கியிருக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. பிறபொருளெதிரி மருந்துகளின் ஒவ்வொரு தொகுதியும் வைத்தியசாலைகளுக்குப் போகுமுன் சோதிக்கப்பட வேண்டும். அதற்கான வாங்கிப் புரதங்களும் உபகரணங்களும் ஆளணியும் அரச ஆய்வுகூடங்களுக்கு வழங்கப்பட வேண்டும். சோதனை முடிவுகள் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். பதிவு விலக்குடன் வரும் மருந்துக்குச் சோதனை கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், குறைவாக அல்ல.

நோயாளிகளின் குடும்பங்களும் ஒன்றைச் செய்யலாம். ஏற்றப்படும் மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். கேட்டால் ஏசுவார்களோ என்ற பயம் எம்மவர்களிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் நாளை ஒரு தொகுதி பழுதென்று தெரியவந்தால், அது யார் யாருக்கு ஏற்றப்பட்டது என்பதைத் தேடிப்பிடிக்க அந்த இலக்கம் உதவும்.