கட்டைவிரலுக்கு 30 சதவீதம்

முடிச்சூரில் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குப் போகிறவர்கள். 2010 அக்டோபர் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். உற்பத்தியைக் கூட்ட சென்சாரை அணைத்து வைத்திருந்ததாகத் தொழிலாளர் தரப்பு குற்றம் சாட்டியது.

நகரும் பாகங்களுக்குத் தடுப்பு கட்டாயம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டம் முதலே சட்டம் சொல்லிவந்திருக்கிறது. ஆனாலும் தடுப்பைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிவிட்டால் வேலை வேகமாக நடக்கும், அவ்வளவுதான் காரணம்.

விரல் போனபின் வருவது அட்டவணை. இழப்பீட்டுச் சட்டப்படி கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் குறைவு. ஆள்காட்டி விரலுக்கு 14. லேத் ஓட்டுபவருக்கு அந்த விரல் 14 சதவீதம்தானா?

இஎஸ்ஐயில் பதிவு இருந்தால் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஏறத்தாழ 90 சதவீத ஊதியமும் உண்டு. இல்லையென்றால் இழப்பீடு முதலாளியின் தலையில். ஆள் ஒப்பந்ததாரருடையவர் என்று ஆலை கைகழுவவும் முடியாது.

சிறு பட்டறைகள்தான் கவலை. மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 20 ஆக்கியது. எட்டுப் பேர் வேலை செய்யும் பிரஸ் பட்டறைக்கு எந்த ஆய்வாளர் வருவார் என்பதை மாநில அரசு சொல்லட்டும்.