கள்ளுக்கடையும் கஞ்சாச் சட்டமும்

மலேசியத் தோட்டக் கள்ளுக்கடைகள் தமிழ்க் குடும்பங்களைச் சீரழித்தன, ஆகவே கஞ்சாவுக்கு எவ்வகையிலும் அனுமதி கூடாது என்ற வாதம், புக்கிட் ரம்பாய் முதல் பீடோங் வரை தோட்டப்புற நினைவில் ஊறிய துயரத்தைச் சரியாகவே சுட்டுகிறது. ஆனால் அதிலிருந்து தவறான முடிவுக்குத் தாவுகிறது. கூலி கொடுத்த நிர்வாகமே கள்ளுக்கடையையும் வைத்து அக்கூலியைத் திரும்பப் பெற்றதுதான் அங்கு நடந்த கொடுமை. 1947இல் கெடா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் அக்கடைகளை மூடவே திரண்டனர். குடித்தவனைத் தூக்கிலிடுமாறு அவர்கள் கேட்கவில்லை.

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டமோ, 200 கிராம் கஞ்சா வைத்திருப்பவரைக் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கிறது. அதாவது, அவ்வாறல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. 2023 ஜூலையில் கடத்தலுக்கான கட்டாய மரண தண்டனை நீங்கிய பின்னும், தூக்கு நீதிபதியின் தெரிவாக நீடிக்கிறது. நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற தோட்டத்து இளைஞனுக்கு இந்த மாற்றம் போதாது.

தாய்லாந்து 2022இல் போதிய விதிகளின்றிக் கஞ்சாவை விடுவித்து, 2025இல் மருத்துவர் சீட்டைக் கட்டாயமாக்கியது உண்மையே. எனினும் அந்த அனுபவம் விற்பனைக் கட்டுப்பாட்டின் தேவையைத்தான் காட்டுகிறது. தூக்குக் கயிற்றுக்கு அது சான்றாகாது.