கூச்சம் ஒரு குறையா?

ஜூன் மாதம் மைசூரு நகரப் பள்ளிகளில் எல்கேஜி வகுப்பு தொடங்கிய இரண்டொரு வாரத்திலேயே பிள்ளைகளுக்குப் பெயர் விழுந்துவிடுகிறது. கேட்டதற்குப் பட்டென்று பதில் சொல்லும் பிள்ளை சூட்டிகை. அம்மாவின் முந்தானையை விடாத பிள்ளை மந்தம். அந்த மந்தப் பிள்ளையே எச்.டி.கோட்டே பக்கத்துக் கிராமத்தில் இருந்தால் ‘தங்கமான பிள்ளை’ என்று பேர் வாங்கும். சூட்டிகைப் பிள்ளையை ‘அடங்காதது’ என்பார்கள். சுபாவம் அதேதான், மதிப்பீடுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த மதிப்பீடே பிள்ளையின் வளர்ச்சிக்கு வழிவிடுகிறது, அல்லது வழியை அடைக்கிறது.

இது வெறும் ஊகம் அல்ல. அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸ்ஸும் 1956-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஆய்வு 133 குழந்தைகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. சுபாவம் கைக்குழந்தையிலேயே தெரிகிறது என்றாலும், பிற்காலச் சிக்கலைத் தனியாக அது தீர்மானிப்பதில்லை. வீடும் பள்ளியும் கேட்பதற்கும் சுபாவத்துக்கும் உள்ள பொருத்தமே முக்கியம் என்றார்கள். 1974 வறட்சியில் கென்யாவின் மசாய் இனக் குழந்தைகளை ஆராய்ந்த மார்ட்டன் டிவ்ரீஸ், சாதுவான 7 குழந்தைகளில் 5 பேர் இறந்திருந்ததையும், அழுது அடம்பிடித்த 6 பேரில் ஒருவரே இறந்திருந்ததையும் கண்டார். சிறிய எண்ணிக்கைதான்; ஆனாலும் ‘தொல்லை பிடித்த குழந்தை’ என்ற சொல்லை நாம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். நமக்கு இன்னும் நெருக்கமானது சீன அனுபவம். 1990-ல் ஷாங்காயில் கூச்சமுள்ள பிள்ளைகளைச் சக மாணவர்கள் விரும்பினார்கள், படிப்பிலும் அவர்கள் நன்றாக இருந்தார்கள். சந்தைப் பொருளாதாரம் வேரூன்றிய பின், 2002-ல் அதே நகரில் அதே கூச்சம் ஒதுக்கப்படுவதோடும் மனச்சோர்வோடும் சேர்ந்து காணப்பட்டது. இதை ஆராய்ந்த சின்யின் சென் குழுவினர் பிறகு சீனக் கிராமங்களைப் பார்த்தபோது, அங்கே கூச்சம் பிள்ளைகளுக்குப் பாதகமாக இருக்கவில்லை.

கிராமப் பிள்ளை பின்தங்குவதற்கு ஊட்டச்சத்தும் வறுமையும்தானே காரணம், சுபாவத்தை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1997-98-ல் பதிவான தாய்மாரின் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, கர்ப்பகாலத்தில் தாயின் ரத்தத்தில் ஃபோலேட் சத்து கூடுதலாக இருந்த பிள்ளைகள் 9-10 வயதில் அறிவாற்றல் தேர்வுகளில் அதிக மதிப்பெண் பெற்றனர். சோறும் சத்தும் முதலில் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நன்றாக உண்டு வளர்ந்த பிள்ளையையும் ஒரு தவறான பெயர் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிடும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ‘அவன் சுபாவமே அப்படி’ என்று விட்டுவிட்டால், காது கேளாத பிள்ளையைக் கவனிக்காமல் போய்விடுவோம். உண்மைதான். வீட்டிலும் பேசாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்குத் தாமதிக்காமல் அழைத்துப் போக வேண்டும். 1965 முதல் இந்த ஊரிலேயே இருக்கிறது அது. வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு வகுப்பில் மட்டும் மௌனமாகும் பிள்ளையின் கதை வேறு. காட்டோரக் குடியிருப்பிலிருந்து வரும் ஜேனு குருபர் பழங்குடிப் பிள்ளைக்கு வகுப்பறையின் கன்னடமே வேற்றுமொழி. அந்த மௌனத்தைச் சுபாவத்தில் சேர்ப்பதும் தவறு.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, கர்நாடகத்தில் முதலில் வந்தது மைசூரு மாவட்டத்தின் டி.நரசிபுராவுக்குத்தான். அன்றிலிருந்து அங்கன்வாடிகளில் பிள்ளைகளின் எடையைப் பார்த்துக் குறித்துவைக்கிறோம். எடைபோடும்போது எந்தப் பிள்ளை அலறும், எது தானே ஓடிவந்து ஏறும், எது பத்துப் பேர் ஏறி இறங்கிய பிறகே வரும் என்பது அங்கன்வாடி ஊழியருக்கு மனப்பாடம். ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை போகும்போது இந்த அறிவு மட்டும் கூடப் போவதில்லை. கர்நாடகக் கல்வித் துறையும் மகளிர், குழந்தைகள் நலத் துறையும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். அங்கன்வாடி ஊழியர் புது ஆசிரியருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பட்டப்பெயராக அல்ல, பார்த்ததைப் பார்த்தபடி: ‘புது ஆள் என்றால் ஒரு வாரம் பேசமாட்டாள், கதை சொன்னால் பக்கத்தில் வந்து உட்காருவாள்.’ வரும் ஜூனிலேயே இதைத் தொடங்கலாம்.