கார்டு மீது பழி போடலாமா?

கல்யாணப் படங்கள் நிறைந்த மெமரி கார்டு. பழைய லேப்டாப்பில் செருகினால், "பார்மட் செய்யட்டுமா?" என்று சில வேளை கேட்கிறது. அவசரப்பட்டுச் சரி என்றால் படங்களுக்கே ஆபத்து!

குற்றம் கார்டுடையது அல்ல. எஸ்.டி.எச்.சி. கார்டு 2006-ல் வந்தது, 32 ஜி.பி. வரை கொள்ளும். எஸ்.டி.எக்ஸ்.சி. 2009-ல் வந்தது, 2 டி.பி. வரை கொள்ளும். உருவம் ஒன்றுதான். ஆனால் படங்களை அடுக்கி வைக்கும் முறை வேறு. பழைய லேப்டாப்புக்கு அது புரிவதில்லை.

அப்போது கேமராவிலிருந்தே வயர் மூலம் படங்களை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கார்டின் மேல் அதன் வகை அச்சிடப்பட்டிருக்கிறது. லேப்டாப்பில் கார்டு செருகும் இடத்திலும் கம்பெனிகள் அதைப் பொறிக்க வேண்டும். இரண்டெழுத்துச் செலவில் எத்தனையோ வீட்டுக் கல்யாணப் படங்கள் பிழைக்கும்!