வட்டும் வலையும்

வெள்ளிக்கிழமை மாலை வந்துற்றால் இல்லத்தார் ஒருங்குகூடிப் படக்கடைக்குச் செல்லுதல் அமெரிக்க நாட்டில் ஒரு காலத்து வழக்கம். டெக்சாசு மாநிலத்து டல்லாசு நகரில் 1985-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பிளாக்பசுட்டர் என்னும் கடை, 2004-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 9,000 கிளைகளாகப் பல்கிற்று. ஆங்கே சுவரெங்கும் ஒளிநாடாக்களும், பின்னாளில் வட்டுகளும் வாடகைக்கு அடுக்கப்பட்டிருந்தன. தந்தை ஒன்றை எடுப்பார். மக்கள் வேறொன்றை விழைவர். பூசலுக்குப் பின் ஒன்று இல்லம் சேரும். குறித்த நாளில் திருப்பித் தாராதார் தண்டம் இறுத்தனர். அத்தண்டம் கடைக்கு வருவாயாயிற்று, மக்களுக்கு மனக்கசப்பாயிற்று.

கலிபோர்னியாவில் 1997-ஆம் ஆண்டு தோன்றிய நெட்பிளிக்சு, மறு ஆண்டு வட்டுகளை அஞ்சலில் அனுப்பத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் தன்னை 5 கோடி டாலருக்கு விலைக்குக் கொள்ளுமாறு அது பிளாக்பசுட்டரை வேண்டிற்று, பெருங்கடை மறுத்துவிட்டது. என்னே காலத்தின் கோலம்! 2007-இல் அஞ்சலும் வேண்டாது இணையத்தின் வழியே படம் இல்லம் புகுந்தது. 2010-இல் பிளாக்பசுட்டர் நொடித்து நீதிமன்றம் புகுந்தது. 2019-ஆம் ஆண்டில் அப்பெயர் தாங்கி எஞ்சியது ஓரிகன் மாநிலத்து பென்ட் நகரத்துக் கடை ஒன்றே. நெட்பிளிக்சும் 2023 செப்டம்பரில் வட்டனுப்புதலை நிறுத்திற்று.

இம்மாற்றத்தை முற்றும் இகழ்தல் முறையன்று. நோயுற்றுக் கிடப்பார்க்கும், கடையில்லாச் சிற்றூரார்க்கும் இதனால் விளைந்த நன்மை மெய்யானதே. ஆயினும் இழந்தது யாது என்பதையும் எண்ணுதல் வேண்டும். விலைகொடுத்து வாங்கிய வட்டு வாங்கியவனது உடைமை. அண்டை வீட்டார்க்கு அதனை இரவல் தரலாம், நூலகத்திற்கு வழங்கலாம், விற்ற கடை மூடினும் அது வீட்டுப் பேழையில் இருக்கும். இணையத்தில் பணம் செலுத்திப் பெறும் படத்திற்கு இவை பெரும்பாலும் பொருந்தா. காண்பதற்குரிய இசைவு மட்டுமே ஆங்கு விற்கப்படுகிறது. நிறுவனத்திற்கும் படத்தின் உரிமையாளர்க்கும் உள்ள உடன்படிக்கை முடிந்தால், நேற்று இருந்த படம் இன்று இல்லாதொழிதலும் உண்டு. அந்நிலையில் 'வாங்குக' என்று பொறித்து விற்பது எங்ஙனம் தகும்? வெறும் உரிமம் என்பதைத் தெளிவாக அறிவியாமல் அச்சொல்லை ஆளலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றி, 2025 தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஒரு சொல்லின் பொருளைக் காத்தற்கும் சட்டமன்றம் கூட வேண்டியதாயிற்று!

வணிக நோக்குடைய நிறுவனம், மிகுதியாக விரும்பப்படும் படங்களையே முன்னிறுத்தும். ஆண்டுக்குச் சிலரே தேடும் பழம்படத்தை எவர் பேணுவார்? சியாட்டில் நகரத்தில் 'இசுகேர்குரோ' என்றொரு படக்கடை உண்டு. சோளக்கொல்லைப் பொம்மை என்பது அப்பெயரின் பொருள். வாடகைத் தொழில் நலிந்தபோது அதனை மூடிவிட மனமின்றி, 2014-ஆம் ஆண்டில் ஊழியர்கள் ஊதியம் கருதா அறநிறுவனமாக மாற்றினர். 1,40,000-க்கு மேற்பட்ட படங்கள் அங்கே உள்ளன. வேறெங்கும் கிடைத்தற்கரிய படங்களும் அவற்றுள் பல. அயலூரார் வேண்டின், பழைய முறைப்படியே உறையிலிட்டு அஞ்சலில் அனுப்புகின்றனர்.