ஓசி ஆணியா, ஊர்க் கிணறா?

"மைக்ரோசாஃப்ட்டிடம் இல்லாத பணமா? அவன் கையேட்டில் இருக்கிற தப்பை அவன் ஆளை வைத்துத் திருத்திக்கொள்ளட்டும். ஓசியில் ஆணி பிடுங்க இங்கே யாரும் சும்மா இல்லை."

கல்லூரி கேன்டீனில் ஒருவர் இப்படிச் சொன்னால் சுற்றியிருக்கும் நாலு பேராவது தலையாட்டுவார்கள். அடுத்த மேசையில் பேச்சு வேறு மாதிரி போகும். "கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னாடி பத்து புல் ரிக்வெஸ்ட் போட்டு வைடா. டாக்குமென்டேஷன்தான் ஈசி. ஒரு கமா மாத்தினா போதும், ரெஸ்யூமில் ஓப்பன் சோர்ஸ்னு எழுதிக்கலாம்."

கேட்பதற்கு இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே கட்சி. ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்துவது மாணவனுக்கும் கம்பெனிக்கும் நடுவிலான கொடுக்கல் வாங்கல் என்றுதான் இரண்டு பேருமே நினைக்கிறார்கள். ஒருவர் 'கூலி இல்லை' என்கிறார், மற்றவர் 'கூலி ரெஸ்யூமில் வரும்' என்கிறார். நாளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து, நாலாவது படியில் மாட்டிக்கொண்டு முழிக்கப்போகிற இன்னொருவனைப் பற்றி இரண்டு மேசையிலும் பேச்சில்லை.

அவனுக்காகத்தான் ஆவணம் எழுதப்படுகிறது. கம்பெனிக்காக அல்ல.

முதலில் இந்த வேலை நடக்கும் விதத்தைப் பார்த்துவிடலாம். 2016இல் மைக்ரோசாஃப்ட் தன் தொழில்நுட்ப ஆவணங்களை ஒரு புதிய தளத்துக்கு மாற்றத் தொடங்கியது. 2022இல் அது மைக்ரோசாஃப்ட் லேர்ன் என்ற பெயருக்குள் போய்ச் சேர்ந்தது. அதில் பல பக்கங்களின் மூலம் கிட்ஹப்பில் சாதாரண மார்க்டவுன் கோப்புகளாகவே இருக்கிறது. தப்பைக் கண்டவர் அந்த ரெப்போவை ஃபோர்க் செய்யலாம். அதாவது முழு வரலாற்றோடு சேர்த்துத் தனக்கென ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கிளை பிரித்து, வரியைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்று ஒரு குறிப்போடு கமிட் செய்து, புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் பார்த்துச் சரியென்றால் சேர்த்துக்கொள்வார். ஒரே வரி என்றால் உலாவியிலேயே பென்சில் படத்தை அமுக்கி முடித்துவிடலாம்.

லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001இல் சொன்னவர் அப்போது அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த ஸ்டீவ் பால்மர். அதே கம்பெனி 2018இல் கிட்ஹப்பையே 750 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக, இவர்களை நம்பலாமா என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் விடை கம்பெனியின் மனசில் இல்லை. ரெப்போவின் வாசலில் கிடக்கும் லைசென்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. யாரும் திறந்தே பார்க்காத கோப்பு!

அதன் அருமை தெரிய வேண்டுமானால் கிட்டின் சொந்தக் கதையைப் பார்த்தால் போதும். 2002 முதல் லினக்ஸ் கெர்னல்காரர்கள் பிட்கீப்பர் என்ற தனியார் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்திவந்தார்கள். காசு கிடையாது, ஓசி. 2005இல் ஒரு தகராறு வந்தது. கெர்னல்காரர்களுக்குக் கொடுத்திருந்த இலவச அனுமதியைக் கம்பெனி நிறுத்திக்கொண்டது. இலவசமாகக் கொடுத்தவனுக்கு அதை நிறுத்தவும் உரிமை உண்டு, யாரும் கேட்க முடியாது. லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் உட்கார்ந்து சில நாட்களுக்குள் எழுதத் தொடங்கிய மாற்றுதான் கிட். பிட்கீப்பரும் கடைசியில் 2016இல் திறமூலமாகவே வெளிவந்தது. அதற்குள் ஊர் வேறு பக்கம் போய்விட்டது.

காசில்லாமல் கிடைப்பது வேறு, உரிமையோடு கிடைப்பது வேறு. கிட் பிறந்ததே இந்தப் பாடத்திலிருந்துதான். அந்தக் கிட்டை வைத்துக்கொண்டே லைசென்ஸைப் படிக்காமல் உழைப்பவர்களை என்ன சொல்வது?

மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆவண ரெப்போக்கள் பலவற்றில் எழுத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடும் உரிமம் 4.0, நிரல் துண்டுகளுக்கு எம்ஐடி உரிமம். முதலாவதன்படி யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, என்ன மாற்றினோம் என்று சொல்லிவிட்டால் போதும். விதிகளை மீறாதவரை கொடுத்த உரிமையைத் திரும்பப் பிடுங்க முடியாது. நாளைக்குக் கம்பெனி தளத்தையே மூடினாலும், அதுவரை வெளியான ஒவ்வொரு வரியும் நகல் வைத்திருப்பவர் கையில் சட்டப்படி இருக்கும். ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் அதைத் தமிழில் எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தால் தடுக்க ஆளில்லை.

இதுதான் ஊர்க் கிணறு. கிணறு யார் நிலத்தில் இருக்கிறது என்பதல்ல கேள்வி, தண்ணீர் எடுக்க யாருக்கு உரிமை என்பதுதான். ஊர்க் கிணற்றில் தூர் வாருவதற்குப் பெயர் ஓசி வேலை அல்ல. பண்ணையார் வீட்டுக் கிணற்றில் தூர் வாரிவிட்டு அவர் ஊற்றும்போது குடித்துவிட்டுப் போவதுதான் ஓசி வேலை.

இது வெறும் தத்துவமா? மொஸில்லாவின் எம்டிஎன் ஆவணங்களைப் பார்க்கலாம். ஹெச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டும் கற்றவர்களில் அந்தப் பக்கங்களைத் தொடாதவர் அபூர்வம். 2005இல் தொடங்கி, வெகுகாலம் விக்கியாக இருந்து, தன்னார்வலர்கள் கையால் வளர்ந்தது. 2017இல் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வலை ஆவணப் பக்கங்கள் 7,700க்கு மேற்பட்டவற்றை அங்கே திருப்பிவிட்டது. போட்டிக் கம்பெனியே வந்து தண்ணீர் எடுத்த கிணறு! 2020 ஆகஸ்டில் மொஸில்லா சுமார் 250 பேரை வேலையிலிருந்து நீக்கியது. எம்டிஎன் ஆவணங்களை எழுதியவர்களும் அதில் அடிபட்டார்கள். மூடிய உரிமமாக இருந்திருந்தால், பதினைந்து வருட உழைப்பின் கதி என்ன என்பதை அந்த ஒரு கம்பெனிதான் தீர்மானித்திருக்கும். ஆனால் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸில் இருந்தது. அதே டிசம்பரில் உள்ளடக்கம் கிட்ஹப்புக்கு மாறியது. 2021 ஜனவரியில் ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு பல நிறுவனங்களின் நிதியோடு தொடங்கி, அந்த ஆவணங்களுக்கு எழுத்தாளர்களை அமர்த்தியது. கம்பெனி கைவிட்ட இடத்திலும் வேலை வீணாகவில்லை.

இனி இரண்டாவது மேசை. 'கமா மாத்தினா போதும்' மேசை.

அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெயரை மாற்றி ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று டிஜிட்டல்ஓஷன் 2014இல் ஒரு விழா தொடங்கியது. அக்டோபரில் சில புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட். நல்ல எண்ணம்தான். 2020இல் என்ன ஆனது? ரீட்மீ கோப்பில் 'அருமையான திட்டம்' என்று ஒட்டி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுகள் வெள்ளமாக வந்தன. பராமரிப்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மாதம் பிறந்து மூன்றே நாளில், தாங்களாக விரும்பிச் சேரும் ரெப்போக்களுக்கு மட்டுமே விழா என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 2023இல் டி-ஷர்ட்டே நின்றுபோனது.

பாடம் கற்றார்களா? 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் ரெப்போவின் ரீட்மீயில் தங்கள் பெயரை எழுதி அனுப்பும் புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. புல் ரிக்வெஸ்ட் போடுவது எப்படி என்று காட்டிய ஒரு காணொளிப் பாடத்தில் அந்த ரெப்போ உதாரணமாக வந்ததுதான் காரணம். பார்த்தவர்கள் பயிற்சியை அங்கேயே செய்து பார்த்துவிட்டார்கள். நீச்சல் பழக ஊரே குடிக்கும் கிணற்றில் குதித்த கதை. இதனால் நிஜமான திருத்தத்தோடு வரும் மாணவனையும் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டிய நிலை வந்ததே, அந்த நஷ்டத்தை எந்த ரெஸ்யூமில் எழுதுவது?

ஆவணத் திருத்தம் ஈசி என்பதே முதல் பொய். கமா மாற்றுவது ஈசி. நாலாவது படி ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, அந்த மென்பொருளைப் புதுக் கணினியில் முதலிலிருந்து நிறுவிப் பார்க்க வேண்டும். எந்தப் பதிப்பில் கட்டளை மாறியது என்று தேட வேண்டும். வேறு பக்கங்களிலும் அதே தப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ரீட்மீ மாற்றம்' என்று எழுதினால் அது கமிட் குறிப்பு அல்ல. 'நாலாம் படியில் உள்ள கட்டளை புதிய பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. மாற்றுக் கட்டளை சேர்க்கப்பட்டு, சோதிக்கப்பட்டது' என்று எழுதினால்தான் குறிப்பு. இதைச் செய்ய அந்த மென்பொருளை எழுதியவரைவிட, அதைப் புதிதாகக் கற்பவரே பொருத்தமான ஆள். எழுதியவருக்கு எல்லாம் தெரியும், அதனால் எது விட்டுப்போனது என்று தெரியாது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கிற மாணவன் ஒரு வாக்கியத்தில் மூன்று முறை தடுக்கி விழுந்தான் என்றால், குறை பெரும்பாலும் வாக்கியத்தில்தான் இருக்கும். அவன் வெட்கப்பட வேண்டியதில்லை, திருத்தி அனுப்ப வேண்டும்.

கம்பெனிகளுக்கும் இதில் கடமை உண்டு. மைக்ரோசாஃப்ட்டில் சின்னத் திருத்தம் தாண்டிப் பெரிதாக எழுதினால் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். எழுதியவருக்கு உரிமை போகாது, கம்பெனிக்கு விரிந்த அனுமதி கிடைக்கும். இப்படித் தனக்கு வேண்டியதைச் சட்டப்படி எழுதி வாங்கத் தெரிந்த எந்தக் கம்பெனிக்கும், வந்த திருத்தத்துக்கு நாளாவட்டத்தில் ஒரு பதில் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி. ஏற்றால் கமிட் வரலாற்றில் எழுதியவர் பெயர். பென்சில் படத்தை வைத்துவிட்டு உள்ளே ஆளில்லாத வீடாகப் போட்டு வைப்பது திறந்த ஆவணம் அல்ல, வெறும் விளம்பரப் பலகை.

ஆகவே முதல் மேசைக்காரருக்கு: ஓசி ஆணி பிடுங்க வேண்டாம், சரி. ஆனால் எது ஓசி ஆணி என்று லைசென்ஸைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உரிமம் மூடியிருந்தால் 'நாலாவது படி வேலை செய்யவில்லை' என்று புகார்ப் பெட்டியில் ஒரு வரி போட்டுவிட்டுப் போங்கள், அதற்குமேல் உழைக்காதீர்கள். இரண்டாம் மேசைக்காரருக்கு: பத்து கமா வேண்டாம். ஒரு பக்கத்தை எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்த்து, உடைந்த ஒரு படியைச் சரி செய்யுங்கள். நேர்முகத்தில் அரைமணி நேரம் பேசுவதற்கு அந்த ஒன்று போதும்.

யாரோ ஒருவர் முன்பு தூர் வாரியதால்தான் இன்றைக்கு வாளியில் தண்ணீர் வருகிறது. அவர் பெயர் கிட் வரலாற்றில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. தேடிப் பார்த்தால் கிடைக்கும்.